மச்சானுக்கு முதலுதவி

என் மச்சானை வீட்டைவிட்டு அனுப்புவதற்காகத்தான் நான் முதலுதவி கற்றுக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. பாவமா இல்லையா என்று எனக்கே தெளிவாகத் தெரியாத ஒன்றை அவரிடம் எப்படிச் சொல்வது?

மச்சான் என்றால் டிக்சன். என் மனைவி கிளாடிஸின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண் பார்க்க எழுந்து போக வேண்டும் என்பதால். மாப்பிள்ளையூரணியில் சொந்த வீடு இருக்கிறது. கார்த்திகை மழையில் கூரை ஒழுகியது. "ஓடு மாத்துற வரைக்கும் நம்மகூட இருக்கட்டும்" என்றாள் கிளாடிஸ். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. சாம்பல் புதன் வந்தது, போனது. ஈஸ்டரும் வந்தது, போனது. டிக்சன் வந்தது மட்டும்தான்.

அவன் சாப்பிடுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் புகார் கட்டிலைப் பற்றியது. எங்கள் வீட்டில் கடற்காற்று வரும் ஜன்னல் ஒன்றுதான். அந்த ஜன்னலுக்குக் கீழே கட்டிலும் ஒன்றுதான். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் நேராக அந்தக் கட்டிலில்தான் வந்து இறங்கும். அதில் டிக்சன் படுத்திருந்தான். அவன்மேல் பட்டது போக மிச்சமிருக்கும் காற்று எனக்கு வரும். டிக்சன் அகலமானவன். மிச்சம் இருக்காது.

"ஏளா கிளாடிஸ், கூரை வேலை என்னாச்சுன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லுதான்?"

"நடக்குதுன்னு சொல்லுதான்."

"அவன் இங்கன படுத்துக் கெடக்கான். அங்கன யாரு நடத்துதா?"

"கொத்தனாரு நடத்துதாரு. ஏன், நீங்க போயி ஏறி ஓடு மாத்தப் போறியளா?"

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்..."

"உங்களுக்குக் கயிறு பிடிச்சவன் அவன். அத மறந்துறாதிய."

அவ்வளவுதான். இந்த வார்த்தை வந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நான் சங்கு குளித்தவன். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில். அந்த மறுமுனையைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பதுதான் எங்கள் கரையின் வழக்கம். சொந்தத் தம்பி அசந்துவிடலாம். பங்காளி வேண்டுமென்றே அசந்துவிடலாம். அக்காள் தாலியைக் கையில் பிடித்திருக்கிறவன் அசரமாட்டான் என்பது கணக்கு. டிக்சன் ஒருநாளும் அசரவில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். தோணியில் தூங்காமல் விட்ட தூக்கத்தையெல்லாம் என் கட்டிலில்தான் தூங்க வேண்டுமா என்பது மட்டுமே என் கேள்வி.

இந்த நிலையில்தான் பூசை முடிந்து ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒருவர் முதலுதவிப் பயிற்சிக்கு வர வேண்டும். ஐந்து ஞாயிறு வகுப்பு. எங்கள் தெருக் குடும்பங்களைச் சேர்த்த அன்பியத்துக்கு மெல்வின் செயலாளர். அவன் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டான்.

"என்னடே மெல்வின், எட்டாப்பு தாண்டாதவன எழுதி வச்சிருக்க? நாலு பேரு முன்னால எனக்குப் பேச்சும் வராது."

"அதனாலதான் மாமா உங்களப் போட்டேன். மத்தவன்லாம் பேசுவான். நீங்கதான் கேப்பிய."

போனேன். கேட்டேன். பாடம் எனக்குப் பிடித்துப்போனது. கடலுக்கு அடியில் ஒரு காரியத்தைச் செய்ய ஒரே ஒரு முறைதான் உண்டு. மற்ற முறைகளுக்குப் பெயர் சாவு. இதுவும் அப்படியே இருந்தது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, முன்னால் குனிந்து மூக்கைப் பிடிக்க வேண்டும். வெட்டுக் காயத்தில் காப்பித்தூள் போடக் கூடாது, சுத்தமான துணியால் அமுக்க வேண்டும். வலிப்பு வந்தவன் கையில் சாவி கொடுக்கக் கூடாது. இத்தனை வருஷம் நாங்கள் எல்லோரும் தப்பிப் பிழைத்ததே ஆச்சரியம்.

பாடம் நடத்தியவள் அனிஷா என்ற நர்ஸ் பெண். முதல் வகுப்பு முடியும்போது ஒன்று சொன்னாள்.

"வீட்டுல ஒருத்தர வச்சுப் பழகிப் பாருங்க."

வீட்டில் ஒருத்தர்! அந்த நிமிஷமே என்மேல் ஜன்னல் காற்று அடித்தது.

மறுநாள் காலையே வாய்ப்பு வந்தது. டிக்சன் அடுப்படியில் தோசை எடுக்கப் போய்க் கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டான். கிளாடிஸ் இட்லி மாவோடு ஓடி வந்தாள்.

"மாவத் தொடாத!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவளே திகைத்துவிட்டாள். டிக்சனை இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து விரலைக் காட்டினேன்.

"ஏங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்க வார தண்ணி!"

"இருபது நிமிஷம் காட்டணும்னு பாடம்."

"அத்தான், தோச ஆறிப்போவுது."

"வெரலும் ஆறணும்லா? நில்லு."

"பத்துக் குடம் ஓடிட்டு" என்றாள் கிளாடிஸ்.

"காயத்துக்கு ஓடுது."

"காயம் எங்க?"

பார்த்தேன். காயம் இல்லை. முறையாகச் செய்தால் அப்படித்தான்.

டிக்சன் குளிர்ந்த தோசையைத் தின்றான். முதல் வெற்றி. ஆனால் அடுத்த வாரம் திட்டம் சறுக்கியது. தொடை எலும்பு முறிவுக்கு இரண்டு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பழைய துடுப்பைக் காலோரம் அணையாக வைத்து, முடிச்சுகள் முறிவின்மேல் வராதபடி பார்த்துப் பார்த்துக் கட்டினேன். எழுந்து நிமிர்ந்தேன். குறட்டை கேட்டது.

"ஏலே, எந்திரி. வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்குது அத்தான்" என்றான், கண்ணைத் திறக்காமல். "கால் முறிஞ்ச ஆள நடக்க விடப்படாதுல்லா?"

"விடப்படாது."

"அப்ப காப்பிய இங்கன கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டு வந்தேன். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. படுத்துக் கிடப்பதுதான் நோயாளியின் வேலை என்றால், டிக்சனைவிடத் தேர்ந்த நோயாளி இந்தக் கரையில் கிடையாது. நான் கட்டுப்போடக் கட்டுப்போட அவன் கட்டிலோடு இன்னும் பலமாகக் கட்டப்பட்டுக் கொண்டிருந்தான்.

என்னைக் காப்பாற்றியது மூன்றாவது வகுப்பு. மூச்சு நின்றவனின் நெஞ்சை அமுக்கிவிடும் முறை.

"மெத்தையில வச்சு அமுக்குனா பலன் இல்ல. கெட்டித் தரையில படுக்க வைக்கணும்" என்றாள் அனிஷா.

"இன்னொருக்கச் சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். பூசையில் மணி அடித்ததுபோல இருந்தது.

நன்றாக மூச்சுவிடுகிறவனின் நெஞ்சை உண்மையில் அமுக்கக் கூடாது. பொம்மையில்தான் அமுக்க வேண்டும். அதையும் குறித்துக்கொண்டேன். ஆகையால் டிக்சனைத் தரையில் இறக்கி, அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக்கொண்டு, சத்தமாக எண்ண மட்டும் செய்தேன். சங்கு எண்ணிப் பழகிய குரல். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். முப்பது எண்ணி நிறுத்துவேன். அவன் கண் சொருகும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவேன். நடுவில் களைப்பாறக் கட்டிலில் உட்காருவேன். காற்று வரும். அப்பப்பா!

"அக்கா, அத்தான நிறுத்தச் சொல்லு!"

"நல்ல காரியம் பழகுதாவ. கொஞ்சம் பொறுத்துக்கலே" என்றாள் கிளாடிஸ்.

அவள் என் பக்கம் பேசியது எனக்கே புதுமையாக இருந்தது. வெற்றி வரும்போது எல்லாம் கூடி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் டிக்சன் தரையில் படுத்தபடியே சொன்னான்: "அத்தான், நான் வீட்டுக்குப் போறேன்."

எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. "எப்ப?"

"பயிற்சி முடிஞ்சு உங்க அன்பியத்துல கூட்டம் வச்சுச் செஞ்சு காட்டணும்லா? அதுக்கு நான் வாரேன். முடிஞ்சதும் அப்படியே கெளம்புதேன். அதுவரைக்கும் இந்த எண்ணுறத மட்டும் விட்டுருங்க."

கிளாடிஸைப் பார்த்தேன். அவள் சண்டை போடவில்லை. "போகட்டும். எத்தன நாளைக்குத்தான் இருப்பான்?" என்றாள். அன்றிலிருந்து எண்ணுவதை நிறுத்தினேன். வாக்கு வாக்குதான்.

கூட்ட நாளும் வந்தது. சாயங்காலம், கோயில் மண்டபம். டிக்சனின் பையை நானே தூக்கிக்கொண்டு போய் மேடைப் படியோரம் வைத்தேன். எங்கள் அன்பியத்து ஜனம் முழுவதும் வந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் பிரியாணி என்று மெல்வின் அறிவித்திருந்ததுதான் காரணம்.

அனிஷா இன்னும் வரவில்லை. இரண்டாம் கேட் மூடியிருக்கிறது, ரயில் போனதும் வருகிறேன் என்று போன் வந்தது.

"நீங்க ஆரம்பிங்க மாமா" என்றான் மெல்வின்.

கூட்டத்தைப் பார்க்காமல் கட்டுத்துணியை மட்டும் பார்த்துக்கொண்டேன். டிக்சனை நாற்காலியில் உட்காரவைத்து, கை முறிந்ததாகப் பாவித்து மணிக்கட்டில் துணியைச் சுற்றத் தொடங்கினேன். டிக்சன் நடிப்பில் இறங்கிவிட்டான்.

"அய்யோ, எங்கையி! அத்தான், எங்கையி போச்சே!"

கூட்டம் சிரித்தது. கை தட்டியது. அவன் இன்னும் கூவினான். என் கை வியர்த்துத் துணிச்சுருள் நழுவிவிட்டது. உருண்டுகொண்டே மேடையின் மறுகோடிக்குப் போனது. நான் பின்னாலேயே போய்க் குனிந்து எடுத்தேன். முதுகு அவன் பக்கம். ஒரு முனை அவன் மணிக்கட்டில், மறுமுனை என் கையில், நடுவில் துணி விறைப்பாக நின்றது.

அப்போது துணி இழுபட்டது. மூன்று தடவை. சின்னச் சின்னதாக.

கடலுக்கு அடியில் பேச முடியாது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் இருக்கிறேன். மூன்று இழுப்பு என்றால் தூக்கு, முடியவில்லை. மூன்று இழுப்பை விளையாட்டுக்கு இழுக்கிற குளிகாரனும் கிடையாது, கயிறு பிடிக்கிறவனும் கிடையாது.

திரும்பினேன். டிக்சன் கூவுவதை நிறுத்தியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சட்டை நனைய வேர்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் வெடவெடத்தன. கூட்டம் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது. "என்னமா நடிக்கான்யா!" என்று யாரோ சொன்னார்கள்.

ஓடினேன். "ஏலே டிக்சன், என்ன செய்யுது?"

"ஒரு மாதிரி... கண்ணு இருட்டுது அத்தான்."

அவனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. "மாத்திரை போட்டியா?"

தலையை ஆட்டினான்.

"மத்தியானம் சாப்புட்டியா?"

தலை வேறு பக்கமாக ஆடியது. "பிரியாணிக்கு... எடம் வச்சேன்."

நாலாவது வகுப்பு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். விட்டால் மயக்கம். அதற்கும் விட்டால் ஆள் இல்லை.

அதற்குள் கூட்டம் மேடை ஏறிவிட்டது. "சாவியக் கையில குடுங்க!" "வெங்காயத்த மோக்க விடு!" "மூஞ்சில சோடாவ அடிலே!"

"தள்ளுங்க! ஒருத்தன் நூத்தியெட்டுக்கு அடி! மத்தவன்லாம் எறங்கு!" என்று ஒரு குரல் மண்டபம் அதிரக் கேட்டது. என் குரல்தான். எனக்கே பயமாக இருந்தது.

"டிக்சன், எச்சில முழுங்கு பாப்போம்."

முழுங்கினான். முழுங்க முடியாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முழுங்க முடிகிறவனுக்குத் தாமதிக்கக் கூடாது. டீ வைத்திருந்த மேசைக்கு ஓடி, அரை டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன்.

மெல்வின் என் கையைப் பிடித்துவிட்டான். "மாமா! சுகர்காரனுக்குச் சீனியா? ஆளக் கொன்னுபோடுவிய!"

"விடுலே கைய."

"மாமா, நான் செயலாளர். எம்பொறுப்புல..."

"உம்பொறுப்பு பிரியாணியோட நிக்கட்டும். விடு!"

அவன் விடவில்லை. அப்போது கிளாடிஸ் வந்து நின்றாள். அவளுக்கு உதடு துடித்தது. ஆனாலும் குரல் துடிக்கவில்லை.

"மெல்வின், அவுக கைய விடு. அவுகளுக்குத் தெரியும்."

விட்டான். பையப் பையக் குடிக்கவைத்தேன். ஒரு கையால் அவன் மணிக்கட்டுத் துணியைப் பிடித்தபடியே நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் நான் கடலுக்கு அடியிலும் இருந்ததில்லை.

டிக்சனின் வியர்வை அடங்கியது. விரல் நடுக்கம் நின்றது. கண்ணில் ஆள் வந்தான். சுற்றிலும் பார்த்தான்.

"பிரியாணி வந்துட்டா?" என்றான்.

மண்டபம் இரண்டுபட்டது. கைதட்டல், விசில், அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த நேரத்துக்கு அனிஷா ஓடி வந்து அவன் விரலில் குத்திச் சோதித்தாள். "இப்ப ஏறிக்கிட்டு இருக்கு. பயம் இல்ல. யாரு சீனி குடுத்தது?" என்று கேட்டாள். எல்லோர் கையும் என்னைக் காட்டியது, மெல்வின் கை உட்பட. "தாத்தா, நான் வந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். ஆம்புலன்ஸில் வந்த பையன்களும் பார்த்துவிட்டு, உடனே சாப்பிடச் சொல்லி, காலையில் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிக்சனுக்கு முதல் தட்டு. எனக்கு மைக்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடித்தேன். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். சாமியார் முன்வரிசையில் தலையாட்டிக் கேட்டார். "யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றேன். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பெண்கள் பக்கத்தில் கிளாடிஸ் எழுந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு."

"இந்த மாதிரி சர்க்கரை எறங்குறது இன்ன நேரத்துலதான் வரும்னு உண்டா?"

"கிடையாது. தூக்கத்துலகூட வரலாம்."

"தூக்கத்துல வந்தா அந்த ஆளு தானா எந்திரிச்சுச் சீனி கலக்கிக் குடிச்சுக்கிடுவாரா?"

"முடியாது. கை நடுங்கும், புத்தி மங்கும். இன்னொருத்தர்தான் குடுக்கணும்."

"அப்ப அவரு தனியா ஒரு வீட்டுல இருக்கலாமா?"

"இருக்கவே கூடாது" என்றேன் அழுத்தமாக. கைதட்டினார்கள்.

"கூட யாரு இருந்தாலும் போதுமா?"

"போதாது. முறை தெரிஞ்ச ஆளா இருக்கணும். பாத்தியள்லா, சோடாவ அடிக்கச் சொன்ன ஆள?" மறுபடியும் கைதட்டல்.

"நம்ம அன்பியத்துல முறை தெரிஞ்ச ஆளு யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் படியோரம் இருந்த பை கண்ணில் பட்டது. மண்டபம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் பார்த்தார். அனிஷா பார்த்தாள். கோழிக்காலும் கையுமாக டிக்சன் பார்த்தான். எண்ணிக்கையிலும் முறையிலும் நான் பொய் சொன்னதில்லை.

"நான்தான்" என்றேன்.

அன்று வந்த கைதட்டல்களில் அதுதான் பெரியது. சாமியார் எழுந்து என் தோளைத் தட்டினார். டிக்சனின் பையை மெல்வினே எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

இதோடு நான் விட்டுவிடவில்லை. முறை தெரிந்த ஆள் அக்கம்பக்கத்தில் இருந்தால் டிக்சன் தன் வீட்டிலேயே இருக்கலாமே? மாப்பிள்ளையூரணியில் அவன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஐந்து வகுப்பையும் நானே நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன். கூரை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க மறுவாரம் வெயிலோடு நடந்து போனேன்.

கூரை முடிந்திருந்தது. ஓடெல்லாம் புதிது. வாசலில் கோலம். கொடியில் பிள்ளைச் சட்டைகள். கதவைத் தட்டினேன். நடுவயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் சீனித்தாய் என்று பிறகு சொன்னாள்.

"யாரு வேணும் அண்ணாச்சி?"

"இது டிக்சன் வீடுதானே?"

"ஆமா. நாங்க வாடகைக்கு இருக்கோம். ஈஸ்டருக்கு முந்தியே வந்துட்டோம். அவுக அக்காதான் முன்னால நின்னு பால் காய்ச்சிக் குடுத்தாவ."

"கிளாடிஸா?"

"அவுகளேதான். தங்கமான மனுசி. பொறவு வாடக வாங்க வந்தப்ப, 'தம்பிய எங்கூடயே வச்சுக்கிடப் போறேன். வீட்டுக்காரவுகள முதலுதவி படிக்க அனுப்ப மெல்வின்கிட்ட பேரு குடுத்தாச்சு, இனிமே பயமில்ல'ன்னு சொன்னாவ." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, இப்படி வேர்க்குது?"

என்னைப் படியில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, சாப்பிட்டேனா என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, முறத்தால் விசிறிவிட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் முறைப்படிதான் செய்தாள்.